இங்கிலீஷ் பாடமும் வயிற்றுவலியும்

கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலைத் தொழிலாளியின் வீடு. ராத்திரி ஷிப்டு முடிந்து காலை ஏழரை மணிக்கு அவர் வீட்டுக்குள் நுழைகிறார். நான்காம் வகுப்புப் படிக்கும் மகள் பாயில் சுருண்டு கிடக்கிறாள். "வயிறு வலிக்குதுங்கப்பா" என்கிறாள். ஓமத் தண்ணீர் கொடுத்தாயிற்று. பள்ளிக்கூட மணி அடித்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வலி போய்விடுகிறது. பதினோரு மணிக்குத் தெருவில் பாண்டி ஆடுகிறாள். அடுத்த வாரமும் இதே கதை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பூச்சி மாத்திரை கொடுத்தார். மூன்றாவது வாரம் பாட்டிதான் கண்டுபிடித்தாள்: வலி புதன்கிழமைதான் வருகிறது. புதன்கிழமை இங்கிலீஷ் டிக்டேஷன்.

இந்தக் கதையை அந்தத் தோழர் நம்மிடம் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். "கள்ளி, நல்ல நடிப்பு!" என்று ஒருவர் சொன்னார். பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. அந்தக் குழந்தை நடிக்கவில்லை. வலி நிஜம். பயம் முதலில் வயிற்றில்தான் தெரியும். சார்ஜ் ஷீட் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை மானேஜர் முன்னால் விசாரணைக்கு நிற்கவேண்டிய தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். அன்று ராத்திரி அவனுக்குச் சோறு இறங்குகிறதா? ஒன்பது வயதுக் குழந்தைக்கு அந்த விசாரணை வாராவாரம் நடக்கிறது.

அந்த வகுப்பில் என்ன நடக்கிறது? பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து நின்று பாடத்தை உரக்கப் படிக்கவேண்டும். ஒரு பையன் எழுந்து "இஸ்கூல்" என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. வாத்தியாரும் சிரிக்கிறார். "இஸ்கூல் இல்லடா, ஸ்கூல்! எங்கே, இன்னொரு தரம் சொல்லு." மறுபடியும் "இஸ்கூல்" என்றுதான் வருகிறது. மூன்றாம் தடவை அவன் வாயைத் திறப்பதே இல்லை. அன்று மூடிய வாய் பத்தாம் வகுப்புவரை அந்தப் பாடத்தில் திறக்காமலே போய்விடுவதும் உண்டு.

அவன் செய்த குற்றம் என்ன? தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. தொல்காப்பியத்திலிருந்து இருந்துவரும் விதி இது. வாய்க்கு வராத எழுத்தின் முன்னால் ஒரு உயிரைப் போட்டுக்கொள்வது தமிழனின் பழக்கம். ராமனை இராமன் என்றும் லட்சத்தை இலட்சம் என்றும் பண்டிதர்களே எழுதுகிறார்கள். அதை யாரும் பிழை என்று சொல்வதில்லை, நல்ல தமிழ் என்கிறார்கள். அந்தப் பையனின் நாக்கு அதே வழியில்தான் போயிற்று. காலையில் தமிழ் ஐயா கற்றுக்கொடுத்த சட்டத்துக்கு அவன் நாக்கு கட்டுப்பட்டது. மத்தியானம் இங்கிலீஷ் வாத்தியார் அதற்குத் தண்டனை கொடுக்கிறார்! ஸ்பெயின் தேசத்துக்காரன் ஆங்கிலம் படிக்கும்போதும் இதே எழுத்துக்கு முன்னால் ஒரு 'எ' சேர்த்து "எஸ்கூல்" என்றுதான் ஆரம்பிக்கிறான். அவனவன் தாய்மொழி அவனவன் நாக்கில் செய்யும் வேலை இது. இதில் மந்தபுத்தி எங்கே வந்தது?

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். வெள்ளைக்காரன் இங்கே வந்தான். தூத்துக்குடி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, "டூட்டிகோரின்" என்றான். தஞ்சாவூரைத் "தஞ்சூர்" ஆக்கினான். திருச்சிராப்பள்ளியை "டிரிச்சினாப்பலி" என்றான். யாராவது சிரித்தோமா? அவன் உளறியதையெல்லாம் ரயில்வே ஸ்டேஷன் பலகையில் எழுதி வைத்துக்கொண்டோம். அவன் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் சில பெயர்களை இன்னும் விடவில்லை. 2020-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் திருத்தி உத்தரவு போட்ட தமிழ்நாடு சர்க்கார், சில நாட்களிலேயே அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. எஜமானன் தவறாக உச்சரித்தால் அது ஊரின் பெயராகிவிடுகிறது. கூலிக்காரன் மகன் தவறாக உச்சரித்தால் வகுப்பே சிரிக்கிறது.

ஆங்கில எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தமிழைக் கிட்டத்தட்ட எழுதியபடியே படிக்கலாம். எழுத்தைக் கற்ற பிள்ளை சொல்லையும் படித்துவிடும். ஆங்கிலத்தில் அந்த நியாயம் கிடையாது. 'பட்' என்பதற்கும் 'புட்' என்பதற்கும் நடுவில் நிற்பது ஒரே எழுத்துதான். கத்தியைக் குறிக்கும் சொல்லின் முதலில் 'கே' என்று ஒரு எழுத்து எழுதவேண்டும், ஆனால் சொல்லக்கூடாது. ஏன் என்று குழந்தை கேட்டால் வாத்தியாரிடம் பதில் இல்லை. "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்பார். காரணம் கேட்கத் தெரிந்த குழந்தைதான் இங்கே அதிகம் அடிபடுகிறது. கேள்வி கேட்காமல் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பவனுக்கு மார்க் விழுகிறது. அவனுக்கும் அர்த்தம் தெரியாது.

பயந்த பிள்ளைக்குப் பாடம் ஏறுமா? 1986-ஆம் வருஷம் அமெரிக்காவில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், எலைன் ஹார்விட்ஸ் என்ற பேராசிரியையும் இன்னும் இருவரும் இதை ஆராய்ந்து எழுதினார்கள். அந்நிய மொழி வகுப்பில் மாணவனுக்கு வரும் பயம் தனி ரகம் என்றார்கள். பேச நேருமே என்ற நடுக்கம், பரீட்சைப் பயம், மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் ஆகியவை அதில் சேர்ந்திருக்கின்றன. நன்றாகத் தெரிந்த இலக்கணம்கூடப் பரீட்சையிலும் வாய்விட்டுச் சொல்லும்போதும் மறந்துபோகிறது என்று மாணவர்களே அவர்களிடம் சொன்னார்கள். இத்தனைக்கும் அவர்கள் விசாரித்தது கல்லூரி மாணவர்களை! புது மொழிக்குள் நுழையும் குழந்தை பல வாரம், சில சமயம் பல மாதம், பேசாமல் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் என்பதும் ஆராய்ச்சிக்காரர்கள் கண்டதுதான். அந்த மௌனத்தில் பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறது. நம் வாத்தியார் அதற்கு வைக்கும் பெயர் 'மக்கு'.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவரை போகவேண்டியதில்லை. ஆலையில் முதன்முதலாக நூல் இழை ஒட்டப் பழகிய நாளை நினைத்துப் பாருங்கள். அறுந்த இழையைப் பிடித்து ஓடுகிற கதிரில் ஒட்டவேண்டும். பக்கத்து சைடில் நின்ற மூத்த தொழிலாளி, "அவசரப்படாதே, இப்படிப் பிடி" என்று காட்டிக்கொடுத்தபோது விரல் வசப்பட்டது. மேஸ்திரி முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதும் அதே விரல் நடுங்கியது. ஒட்டிய இழையும் அறுந்தது. கீழத்தஞ்சையில் நடவுக்கு முதன்முதலாக வரும் பெண்ணைத் தனியாக ஓரத்தில் விடமாட்டார்கள். கை பழகிய இரண்டு பெண்களுக்கு நடுவில் நிறுத்துவார்கள். அவள் விட்ட இடத்தை அவர்கள் பேசாமல் நட்டு நிரப்பிவிடுவார்கள், பாட்டும் நிற்காது. நாலைந்து நாளில் அவளும் வரிசையோடு வந்துவிடுவாள். எழுத்தறியாத விவசாயத் தொழிலாளிப் பெண்களுக்குத் தெரிந்த இந்தப் போதனாமுறை, கட்டணம் வாங்கும் கான்வென்டுகளுக்குத் தெரியாமல் போனது எப்படி?

தெரியாமல் இல்லை என்றுதான் நாம் சந்தேகிக்கிறோம். நம் ஊர்த் தனியார் பள்ளிகள் சிலவற்றில் தமிழில் பேசினால் இன்றும் அபராதம் வாங்குகிறார்கள். இது அவர்கள் கண்டுபிடித்த முறையும் அல்ல. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், இங்கிலாந்தின் பக்கத்திலேயே இருக்கும் வேல்ஸில், தாய்மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். 'வெல்ஷ் நாட்' என்று அதற்குப் பெயர். இன்னொரு பிள்ளை தாய்மொழி பேசி அகப்பட்டால் மரத்துண்டு அவன் கழுத்துக்கு மாறும். பள்ளி விடும் நேரத்தில் அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குப் பிரம்படி. அதே வித்தை பின்னால் ஆப்பிரிக்காவுக்கும் கப்பலேறியது. கென்யாவின் எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, தான் படித்த பள்ளியில் கிக்கூயு மொழி பேசிய பிள்ளைகளுக்கு நடந்ததை 1986-ல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். அடி விழும், முட்டாள் என்றும் கழுதை என்றும் எழுதிய தகட்டைக் கழுத்தில் மாட்டுவார்கள், அபராதமும் உண்டு. காலையில் ஒரு பையனிடம் ஒரு பொத்தானைக் கொடுத்துவிடுவார்கள். தாய்மொழி பேசுகிறவனைக் கண்டுபிடித்து அவன் அதைக் கைமாற்றவேண்டும். ஆக, ஒவ்வொரு பிள்ளையும் அடுத்த பிள்ளைக்கு ஒற்றனாகிறான். கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தால் நீ தப்பிக்கலாம் என்பதுதான் அங்கே நடந்த முதல் பாடம். ஆலைக்குள் இந்த வித்தையை நாம் பார்த்திருக்கிறோம்.

இத்தனையும் சொல்லிவிட்டு நம் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது யோக்கியமாகாது. 'இங்கிலீஷ் மீடியம்' என்ற பலகையைப் பார்த்ததும் நமக்கு என்ன ஆகிறது? தாலியை அடகு வைக்கிறோம். கந்துவட்டிக்கு வாங்குகிறோம். சம்பளத்தில் பெரும்பங்கைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். பிறகு சாயங்காலம் பிள்ளையை நிறுத்தி, "இவ்வளவு பணம் கட்டறேன், எங்கே, நாலு வார்த்தை இங்கிலீஷ்ல பேசு பார்ப்போம்" என்று கேட்கிறோம். சொந்தக்காரர் வந்தால் அவர் முன்னாலும் கேட்கிறோம். பிள்ளை பேசாது. "தண்டம்!" என்கிறோம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் விசாரணை, வீட்டில் அப்பா விசாரணை. கடன் நம்முடையது, வட்டியை அந்தப் பிஞ்சு கட்டுகிறது.

2012-13-ஆம் வருஷத்திலிருந்து சர்க்கார் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் திறந்தார்கள். பிள்ளைகள் தனியாருக்கு ஓடாமல் நிற்பார்கள் என்பது கணக்கு. அதனால் என்ன? வீட்டில் ஒரு ஆங்கில வார்த்தை காதில் விழாத பிள்ளை, கணக்கையும் விஞ்ஞானத்தையும்கூடத் தெரியாத மொழியில் படிக்கவேண்டி வந்தது. முன்பு ஒரு பாடத்தில் இருந்த பயம் எல்லாப் பாடத்துக்கும் பரவிற்று. தாய்மொழியே போதனைக்குச் சிறந்த மொழி என்று ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ 1953-லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அப்படியிருந்தும் பெற்றோர்களாகிய நாம்தான் பிரிவு வேண்டும், பிரிவு வேண்டும் என்று வரிசையில் நின்றோம். நாம் நின்றதற்கும் காரணம் உண்டு. ஆங்கிலம் தெரியாதவனுக்குக் கோர்ட்டிலும் ஆபீசிலும் வேலை தேடும் இடத்திலும் என்ன மரியாதை கிடைக்கிறது என்பது நமக்குத்தான் தெரியும். நாம் பட்டதைப் பிள்ளை படக்கூடாது என்று நினைத்தோம். நினைப்பு சரி. ஆனால் பிள்ளை படுவது அதைவிடக் கொடுமையாக இருக்கிறதே!

அந்தச் சிங்காநல்லூர்க் குழந்தையின் வீட்டில் பிறகு இன்னொன்றும் நடந்தது. பள்ளியில் பெற்றோர் கூட்டம். அம்மா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். குழந்தை வாசலில் நின்று, "அம்மா, நீ வராதே. அப்பா வரட்டும்" என்றாள். ஏன் கண்ணு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "உனக்கு இங்கிலீஷ் தெரியாதே, மிஸ் சிரிப்பாங்க" என்றாளாம். அந்த அம்மா வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். சமையலறையில் அவள் அழுததைத் தோழர் நம்மிடம் சொல்லிவிட்டு, வெகுநேரம் பேசாமல் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

தன்னைப் பார்த்துச் சிரித்த வகுப்பு தன் அம்மாவையும் பார்த்துச் சிரித்துவிடுமே என்று அந்தக் குழந்தை அம்மாவைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். வெட்கத்தோடு அதில் பாசமும் கலந்திருக்கிறது. ஆனால் இப்படியே இன்னும் ஐந்து வருஷம் போனால் பாசம் தேய்ந்து வெட்கம் மட்டும் மிஞ்சும். அம்மாவின் பேச்சு, அப்பாவின் எண்ணெய் படிந்த சட்டை, தெருவின் பெயர் எல்லாமே மறைக்கவேண்டியவை ஆகிவிடும். தாய்மொழியைக் கேவலம் என்று கற்றுக்கொள்ளும் பிள்ளை, தாயையும் கேவலம் என்று சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

இதைப் படித்துவிட்டு நாம் ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்வதாக யாரும் கிளம்பவேண்டாம். தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும், நன்றாகவே வேண்டும். மருந்துப் புட்டியில் எழுதியிருப்பதும், மிஷினோடு வரும் புத்தகமும், ஹைகோர்ட் தீர்ப்பும் அந்த மொழியில் இருக்கும்வரை அதைப் பணக்காரன் பிள்ளைக்கு மட்டும் விட்டுக்கொடுக்க நாம் தயாரில்லை. பாரதி திருநெல்வேலியில் ஆங்கிலப் பள்ளியில் படித்த நாட்களைத் தன் சுயசரிதைப் பாட்டில் கசந்து எழுதினான். அதே பாரதிதான் 1914-ல் 'பொன்வால் நரி'க் கதையை ஆங்கிலத்திலேயே எழுதி வெளியிட்டான். அவன் கசந்தது அந்தப் படிப்பு நடந்த விதத்தை.

காரல் மார்க்ஸ் 1849-ல் லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். 1852-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுதவேண்டி வந்தபோது அவருக்கு ஆங்கிலத்தில் எழுதும் தைரியம் வரவில்லை. ஜெர்மனில் எழுதினார், எங்கெல்ஸ் அதை ஆங்கிலமாக்கிக் கொடுத்தார். 1853-ன் ஆரம்பத்தில்தான் தாமே ஆங்கிலத்தில் எழுதத் துணிந்தார். வயது ஐம்பத்தொன்றில் ருஷ்ய மொழியைப் புதிதாக ஆரம்பித்தார். பின்னால் நின்று யாரும் சிரிக்கவில்லை, பக்கத்தில் ஒரு சிநேகிதன் இருந்தான். நம் பிள்ளைக்கு அந்தச் சிநேகிதன் யார்?

வாத்தியார்தான் அந்தச் சிநேகிதனாக இருக்கவேண்டும். வாத்தியார்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை என்பதும் நமக்குத் தெரியும். கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் ஒருவரே இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்து மேய்க்கிறார். மேலதிகாரி கேட்பது பாடம் முடிந்ததா என்றுதான், புரிந்ததா என்று அல்ல. இன்னொரு ரகசியமும் உண்டு: அநேக வாத்தியார்களுக்கே ஆங்கிலம் பேசப் பயம். அவரும் இப்படிச் சிரிப்புக்கு நடுவில் படித்து வந்தவர்தான். பயந்தவன் சொல்லிக்கொடுத்தால் அதிகமாகப் போய்ச் சேருவது பயம்தான். "எனக்கும் இந்த வார்த்தை முதலில் வரவில்லை" என்று ஒரு வாத்தியார் வகுப்பில் சொல்லட்டும், பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்க்கலாம். பாடத்தின் அர்த்தத்தை முதலில் தமிழில் பேசி, பிறகு ஆங்கிலத்துக்குப் போகலாம். தாய்மொழியில் ஏற்கெனவே இருக்கும் அர்த்தங்களின்மேல் நின்றுதான் பிள்ளை அந்நிய மொழியைப் பிடிக்கிறது என்று சோவியத் மனோதத்துவ அறிஞர் வைகாட்ஸ்கி 1934-ல் வெளியான நூலில் எழுதியது இதைத்தான்.

நம் பிள்ளைகளும் ஒரு விஷயத்தில் சும்மா இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பீகாரிலிருந்து குடும்பத்தோடு வந்த தொழிலாளிகளின் பிள்ளைகள் அங்கே சர்க்கார் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்தான் அந்நிய மொழி. அந்தப் பையன் எழுந்து "பள்ளி" என்று சொல்லப் போய் "பல்லி" என்கிறான். அவன் மொழியில் அந்த 'ள' இல்லை. வகுப்பு சிரிக்கிறது. "இஸ்கூல்" என்று சொல்லி வாய் மூடிக்கொண்ட நம் பையன்தான் அங்கே எல்லோரையும்விட உரக்கச் சிரிக்கிறான். வேல்ஸ் தேசத்து மரத்துண்டு கழுத்து மாறிவிட்டது, அவ்வளவுதான். இதை வீட்டில் கேட்டுவிட்டு நாமும் சேர்ந்து சிரித்திருந்தால், வாத்தியாரைப் பற்றிப் பேச நமக்கு வாய் இல்லை.

செய்யக்கூடியது கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, குழந்தையை அடிப்பதை மட்டுமல்ல, மனம் நோகும்படி துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. தமிழ் பேசியதற்கு அபராதம் போடும் தனியார் பள்ளி முதலாளிக்கு முன்னால் இந்தப் பிரிவை நீட்டலாம். 29-வது பிரிவு, பிள்ளையைப் பயத்திலிருந்தும் கலக்கத்திலிருந்தும் விடுவிப்பதாகப் படிப்பு இருக்கவேண்டும் என்றும், இயன்றவரை தாய்மொழியில் போதிக்கவேண்டும் என்றும் சொல்கிறது. சர்க்கார் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் அங்கத்தினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களாக இருக்கவேண்டும், மொத்தத்தில் பாதி பெண்களாக இருக்கவேண்டும் என்பது 21-வது பிரிவு. பெயருக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும் குழுக்கள் அநேகம். நம் ஊரில் எப்படி என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

கூட்டத்தில் கேட்கவேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். பிள்ளை தப்பாகப் படித்தால் வகுப்பு சிரிக்கலாமா? டிக்டேஷன் மார்க்கை உரக்கப் படிக்காமல் நோட்டில் எழுதிக் கொடுத்தால் என்ன? ஒரு வாத்தியாருக்கு எத்தனை வகுப்பு, காலியிடம் ஏன் நிரம்பவில்லை, அதற்கு யாருக்கு மனு எழுதுவது? பீகார்ப் பிள்ளையின் அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கவேண்டும்.

கூட்டம் வேலை நேரத்தில் வந்துவிட்டால் ஷிப்டு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும், வயல் வேலைக்காரருக்கு அரை நாள் கூலி போகும். அது முடியாத வீட்டில் அம்மா போகட்டும். வாசலில் நிறுத்தப்பட்ட அந்த அம்மாவே போகட்டும். கூட்டம் தமிழில்தான் நடக்கிறது.